நாலு மணி மீன்களும் ஜஹனாரா அம்மையாரின் சந்தேகமும்

அயல்மீன்களின் அசைவறிந்த அம்மையே! ஆற்றிலும் சேற்றிலும் அலைந்தாலும் ஐயத்தைக் கைவிடாத ஆய்வறிஞரே! முப்பத்தோராண்டு காலம் இந்த அடையாறு ஆய்வகத்தில் மீன்களையும் எங்களையும் ஒரே கண்ணால் உற்றுப் பார்த்த முனைவர் ஜஹனாரா அம்மையாரே! வணக்கம். இனி உங்களை ‘அவர்’ என்றே எழுதுகிறோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

அவருடைய சந்தேகத்தை விட்டுவிட்டு அவரைப் பாராட்டுவது எப்படி? ராயப்பேட்டை மார்க்கெட்டில் மீன் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விற்பவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். நம் நீர்நிலைகளில் புகுந்து ஊர் மீன்களை ஓரங்கட்டும் ‘டேங்க் கிளீனர்’ மீன்களின் நடத்தையை ஆராய, அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கி, இருட்டிய பிறகு இரை தேடும் இனம் அது. போன ஆண்டு அவை திடீரென்று மாலை நாலு மணிக்கு வெளியே வரத் தொடங்கின. அயல்மீன் தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டது, இது பெரிய கண்டுபிடிப்பு என்று இயக்குநர் குதித்தார். அம்மையார் மட்டும் நம்பவில்லை.

“எல்லாம் டீ மேசைப் பக்கமே ஏன் வருது? யாரோ தீனி போடுறீங்க,” என்றார்.

ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்டார். தொட்டி கழுவும் அக்பர் பாஷா, தனக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்காணிப்பாளர் வேதாந்தம், டீயோடு தரும் பொறை ரொட்டியைத் தாம் சாப்பிடுவதே இல்லை என்று கபாலீசுவரர் மேல் ஆணையிட்டார். அது உண்மைதான், வாங்கியதெல்லாம் தொட்டிக்குள் போயிற்று! ஆய்வாளர் ஸ்ரீலக்ஷ்மி கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. கேமரா வைக்கலாமா என்று கேட்டதற்கு, ஊழியர்களை அவமதிக்காதீர்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

பிடி கிடைக்காத சந்தேகம் கடைசியில் அவர்மேலேயே பாய்ந்தது. நல்லவர்களை நோகடித்துவிட்டோமே என்று மருகினார். போன வெள்ளிக்கிழமை எங்கள் மூவரையும் அழைத்து, “உங்க மேல வீணா சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடுங்க,” என்றார். கண் கலங்கியிருந்தது. மீன்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டன என்று இயக்குநர் எழுதிய, இத்தனை நாள் அவர் கையெழுத்துப் போட மறுத்த அறிக்கையில், இன்று பணிநிறைவு விழா முடிந்ததும் போட்டுத் தருவதாக இயக்குநரிடமும் சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு அக்பர் பாஷாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“பாவமா பாத்துக்கினு இருந்துச்சு சார். டெய்லி ஒரு துண்டு போட்டேன்.”

அடுத்து வேதாந்தம் ஒப்புக்கொண்டார். அடுத்து ஸ்ரீலக்ஷ்மி அழுதார். தான் ஒருவர் மட்டுமே போடுவதாக ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம். அவர் கேட்டபோது ஒருவராவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலைக்கு வேட்டு வந்துவிடுமோ என்று பயந்தோம். வெட்கமாக இருக்கிறது.

அம்மையே! இயக்குநர் படித்து ஒப்புதல் தந்த வாழ்த்து மடல் வேதாந்தத்தின் பையில் இருக்கிறது. இது வேறு. இதற்காக இயக்குநர் எடுக்கும் எந்த நடவடிக்கையையும் ஏற்கிறோம். மேசைமேல் இருக்கும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய்யான ஒரு வரியின் கீழும் இதுவரை உங்கள் பெயர் இருந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

நோய்நொடி அண்டாமல், நூறாண்டு தாண்டி, யாரையும் லேசில் நம்பிவிடாமல் நலமாக வாழ்க!

இப்படிக்கு,
நீங்கள் சந்தேகப்பட்ட மூவர்,
வேதாந்தம்
அக்பர் பாஷா
ஸ்ரீலக்ஷ்மி