அறுபத்தெட்டுக் கல் வீடு

நானூறு சதுர அடி வீடு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இருநூற்று எழுபத்திரண்டு சதுர அடி கட்டி வைத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டுக் குடும்பங்களை ஏமாற்றிவிட்டு, ஏமாந்தவர்களே வந்து, "முழுதாகப் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதிக் கொடுத்துச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்!

நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிட்டேன். மரியாதை பின்னால் வருவதில் தவறில்லை.

தள்ளாத வயதிலும் தளராமல் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முட்டிவலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! வேலை முடிந்து வீடு திரும்பாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் தம்பிமார்களே! வெளியே காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நம் பேச்சைக் குறிப்பெடுக்கும் கட்டுமான நிறுவனத்து ஊழியரே, உமக்கும் வணக்கம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கும், ஐயா; ஒரு வார்த்தை விட்டுப்போனால் உம் முதலாளி கோபிப்பார்!

நான் படித்தவன் அல்லன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே சிமென்ட் மூட்டையின் மேல் இருந்த அச்சைப் பார்த்துத்தான். நாற்பத்தோரு வருடம் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவன். இந்த நகரத்தில் நான் மண்டியிட்டுத் தவழாத மாளிகை இல்லை. ஆனால் எழுந்து நின்று வாழ எனக்கென்று எது இருந்தது? நமது பழைய குடியிருப்பில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். சுவரில் ஈரம் கசியும். கசிந்தாலும் அது வீடு. கால் நீட்டிப் படுத்தோம்.

அதை இடிக்க இடம் கொடுத்தால் ஆளுக்கு நானூறு சதுர அடி என்றார்கள். மலிவு விலை வீட்டுத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். மலிவு யாருக்கு? நம் மண் அவர்களுக்கு மலிவு! அதே மண்ணில் முன்பக்கம் எழுப்பிய அடுக்குமாடிக் கோபுரத்தில், ஒரு பேருந்து ஓட்டுநர் முப்பது வருடம் வண்டி ஓட்டினாலும் ஒரு குளியலறையை வாங்க முடியாது. வாங்கியவர்களாவது வாழ்கிறார்களா? அண்ணாந்து பாருங்கள். பாதி சன்னல்களில் விளக்கு இல்லை. வாங்கியவர்கள் சிலதையும் விற்காமல் நிறுவனம் சிலதையும் பூட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத வீடு அங்கே, வீடு இல்லாத ஆள் இங்கே. இதற்குப் பெயர் சந்தையாம். எனக்கு வேறு பெயர் வாயில் வருகிறது. தாய்மார்கள் இருக்கிறார்கள், விழுங்கிவிடுகிறேன்.

என்ன தம்பி? "மாதிரி வீட்டைப் பத்திச் சொல்லுங்க பெரியவரே"யா? அதைச் சொல்லத்தான் வந்தேன். அதைச் சொன்னால் என் மானம் போகும். போகட்டும்.

நம்மிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கென்றே முதலில் கட்டிய மாதிரி வீட்டுக்குத் தரை போட்டது யார்? நான்! டைல்ஸ் ஒட்டுபவனுக்குக் கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு முனையில் டேப்பைப் பிடித்து அளந்து, அரை அடிக்குச் சண்டை போட்டு வாங்குவோம். ஆனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நாள் கூலி தந்தார்கள். ஏன் தந்தார்கள்? அளக்கக் கூடாது என்பதற்காக! அது அன்றைக்கு என் மண்டையில் ஏறியதா? இல்லை. தாராளமான மனுஷன் என்று மேஸ்திரியைப் புகழ்ந்துவிட்டு வந்தேன். இரண்டடிக்கு இரண்டடிக் கல். வெட்டி ஒட்டிய துண்டுகளையும் சேர்த்து அறுபத்தெட்டுக் கல். நாலால் பெருக்குங்கள். நான் பெருக்கவில்லை! காகிதத்தில் நானூறு என்று அச்சடித்திருந்தது. நாற்பத்தோரு வருடம் என் கையை நம்பிப் பிழைத்தவன், அன்று அச்சை நம்பினேன்.

நான் மட்டுமா? நம் தச்சர் அங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். குனியாதீர் தச்சரே, நீர் குனிந்தாலும் உம் வழுக்கை தெரிகிறது. கட்டில் ஐந்தடி நீளம் போதும், சின்னப் பிள்ளைகள் அறைக்கு என்றார்கள், செய்து கொடுத்தார். அது பெரியவர்கள் அறையில் கிடந்தபோது இவரும் வாயைத் திறக்கவில்லை. குட்டைக் கட்டில், ஒல்லி அலமாரி, அறைகளுக்குக் கதவே இல்லை. கதவு இருந்தால் திறக்கும்போது கட்டிலில் இடிக்குமே! நம் கையாலேயே நம் கண்ணைக் கட்டினார்கள்.

நாம் பார்க்கப் போன அன்று ஒருத்திக்கு மட்டும் கண் கட்டப்படவில்லை. கணவரை இழந்து, இரண்டு பெண்களைத் தையல் மிஷினை மிதித்தே வளர்க்கும் நம் தையல்காரத் தங்கச்சி. ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லும் கண் அது. கட்டிலைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தக் கட்டில்ல யாருண்ணே படுக்கிறது? என் பெரியவ படுத்தா கணுக்காலுக்குக் கீழ வெளிய தொங்கும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாற்பது பேர் நடுவில் சொன்னேன்.

"ஏம்மா, ரவிக்கை தைக்கிறவளுக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்? இது நான் போட்ட தரை. பேசாம கையெழுத்தைப் போடு."

எல்லோரும் சிரித்தீர்கள். அவள், "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று போட்டாள். அவளைப் பார்த்து நீங்களும் போட்டீர்கள்.

போன வாரம் கட்டி முடித்த வீட்டை நானும் அவளும் டேப் பிடித்து அளந்தோம். அளவோடு நிறுவனத்து அலுவலகத்துக்குப் போனோம். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் சிரித்தபடியே விளக்கினான்.

"சார், நீங்க அளந்தது உள்ள மட்டும். நாங்க சொன்ன நானூறுல சுவர், மாடிப்படி, லிஃப்ட், காவலாளி ரூம் எல்லாத்துலயும் உங்க பங்கு வரும்."

"லிஃப்ட்ல என் பங்கு எவ்வளவு தம்பி?"

"ஒரு மூணு சதுர அடி இருக்கும் சார்."

"என் சம்பந்தி வந்தா அங்க பாய் விரிக்கலாமா?"

"அது பொதுப் பயன்பாடு சார்."

"பயன்பாடு பொது, கழிக்கிறது மட்டும் என் வீட்டுலயா?"

அவன் என்னை விட்டுவிட்டுத் தங்கச்சியிடம் திரும்பி, "கட்டில் சைஸை மாத்திக்கோங்க மேடம்" என்றான்.

"கட்டிலை மாத்திக்கலாம் சார். வளர்ந்த பொண்ணோட காலை எப்படி மாத்துறது?" என்றாள் அவள். சாவி வாங்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திடாவிட்டால் அவள் ஒதுக்கீடு ரத்து. வீடு வெளியாருக்கு விற்கப்படும். இன்று அவள் வாடகைக்கு இருப்பது ஒற்றை அறை. மிஷினைத் தூக்கி நடைவழியில் வைத்தால்தான் மூவரும் படுக்க முடியும். அந்த அறையையும் இந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் போக இடமில்லை. இருந்தும் வளையவில்லை.

வளைந்தவர்கள் யார்? "கிடைச்ச வரைக்கும் லாபம்" என்று முணுமுணுக்கும் நாம்! அவளை ஒருத்தியாக விட்டுவிட்டு மற்ற நாற்பத்தேழு பேரும் சாவி வாங்கினால் அவள் ரத்து. நாற்பத்தெட்டுப் பேரும் மறுத்தால் யாரை ரத்து செய்வான்? எத்தனை பேரைச் செய்வான்? எந்த முகத்தோடு செய்வான்?

தங்கச்சி, அந்தத் தூண் பக்கம் நிற்கிறாய், தெரிகிறது. நாற்பது பேர் நடுவில் உன்னை வாயடைத்தேன். இன்று நானூறு பேர் நடுவில் சொல்கிறேன்: நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.

கைதட்ட வேண்டாம். கை வேறு வேலைக்கு வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் செய்ய வேண்டியது: ஒவ்வொரு வீட்டையும் உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை நம் கண்முன் அளந்து, அந்த அளவைப் பத்திரத்தில் எழுத வேண்டும். குறைந்த இடத்துக்கு ஈடாக, முன் கோபுரத்தில் விற்காமல் பூட்டி வைத்திருக்கும் வீடுகளைத் திறந்துவிட வேண்டும்.

நகர சபை உறுப்பினர் செய்ய வேண்டியது: மாதிரி வீட்டுக்கு நாடா வெட்டிய அதே கையால், அளந்து முடியும்வரை சாவி வழங்கக் கூடாது என்று உத்தரவு வாங்கித் தர வேண்டும்.

பதிவு அலுவலர் அதுவரை ஒரு பத்திரத்தையும் பதியக் கூடாது.

தலைவர் நாளைக் காலையே சங்கத்தின் பெயரில் வழக்குத் தொடுக்க வேண்டும். "பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது, தலைவரே.

தச்சர் தமக்கு என்ன அளவு சொல்லப்பட்டது என்பதை எழுதித் தர வேண்டும். கல் கணக்கை நான் எழுதித் தருகிறேன். பெயர் கெட்டாலும் நீதிமன்றத்தில் நின்று சொல்வேன்.

இங்கிருக்கும் நாற்பத்தெட்டுக் குடும்பமும் திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு குடும்பமும் பேனாவைத் தொடக் கூடாது.

இவ்வளவு நேரம் என் கரகரத்த குரலைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்ட தம்பிக்கும் நன்றி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, நிறுவனத்து வாசல். அங்கே வருகிறவர்களுக்கு மட்டும் என் வணக்கம்.