மூன்று பால்ரஸ் குண்டுகள்

நான் மீன் சாப்பிடுவதில்லை, ஐயா. எங்கள் குடும்பத்தில் யாருமே சாப்பிட்டதில்லை. வில்லியனூர் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக ஹார்டுவேர் வியாபாரம். ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் என்று அந்த வாடையிலேயே வளர்ந்தவர்கள். கவிச்சி எங்களுக்கு ஆகாது. அதனால், பூரணாங்குப்பத்துப் பையன் அரசு மீன் பிடிக்கப் போய் இறந்ததற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். டீ வேண்டாம். குடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் தேவநாதன். வயது ஐம்பத்தேழு. மனைவி பிரேமா தவறி ஐந்து வருடம் ஆகிறது. ஒரே மகள் உமையாள் பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள். "சாப்டீங்களாப்பா" என்பாள், "ஆச்சும்மா" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்குமே பேச்சு ஓடாது. கடைக்கு வருகிறவர்கள் சாமானைக் கேட்பார்கள், விலையைக் குறைக்கச் சொல்வார்கள், போய்விடுவார்கள். நான் பேசத் தெரியாதவன் இல்லை. பேச ஆள் இல்லாதவன்.

அரசு முதலில் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். செவ்வாய் அவனுக்கு லீவு. கையில் ஒரு பிளாஸ்டிக் மீனை வைத்திருந்தான்.

"அண்ணே, சாவிக்கொத்து வளையம் மாதிரி, ஆனா இத்துனூண்டா கெடைக்குமா?"

அந்தப் பிளாஸ்டிக் மீனை லூர் என்பார்கள் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். கெட்டி பிளாஸ்டிக்கில் மீன் போல வார்த்து, வயிற்றில் கொக்கி மாட்டியிருக்கும். கரையில் நின்று, தூண்டில் ராடால் அலைக்கு அப்பால் வீசி, சுற்றி இழுத்தால் உயிருள்ள மீன் மாதிரி நெளிந்து வரும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். இரை என்று எதுவும் கிடையாது, நாற்றமும் கிடையாது. அதனால்தான் என்னால் அதைத் தொட முடிந்தது.

வளையம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் துருப்பிடித்த கொக்கியை மாற்றிக் கேட்டான். அதற்கடுத்த வாரம், கலர் போய்விட்டது என்றான். உமையாள் வீட்டில் விட்டுப் போன நகப்பூச்சுப் பாட்டில்கள் அலமாரியில் இருந்தன. அதில் முதுகைப் பச்சையும் வயிற்றை வெள்ளியுமாகப் பூசினேன். நன்றாக வந்துவிட்டது. அது தீர்ந்ததும் நானே ஃபேன்சி ஸ்டோரில் போய் வாங்க ஆரம்பித்தேன். கல்லாவில் இருக்கும் ரோஸ்லின் ஒருநாள், "இன்னா செட்டியாரே, யாருக்கு இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பிரேமா போன பிறகு என்னைக் கிண்டல் செய்யும் அளவுக்கு யாரும் என்னைக் கவனித்ததில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நான் சீக்கிரம் எழுந்துகொள்வேன். விடியற்காலை அவன் மீன் பிடித்துவிட்டு, மத்தியானம் கடைக்கு வருவான். பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து, லூர் எப்படிப் போனது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கையை வீசி வீசிக் காட்டுவான். நான் அதைக் கேட்டு, திறந்து, திருத்தி, மூடித் தருவேன். பிறகு நானே புது லூரும் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். அவனுக்கு நான் அண்ணன். எனக்கு அவன் என்ன என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் அப்பா வேணு படகில் போகிறவர். மகன் கரையில் நின்று பிளாஸ்டிக்கை வீசுவது அவருக்குப் பெரிய வேடிக்கை. "இத்தத் துன்ற அளவுக்கு நம்ம கடல்ல எந்த மீனுக்கும் பஞ்சம் வரலடா" என்பார். அரசுவுக்கு அது உறைத்துக்கொண்டே இருந்தது. சின்னச் சின்னப் பாறை மீன், சீலா எல்லாம் பிடித்திருக்கிறான். அப்பா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரம் திறந்துகொள்ளும்போது பெரிய கொடுவா அங்கே வந்து நிற்கும். அதில் ஒன்றை என் லூரால் பிடித்து அப்பா காலடியில் போட வேண்டும் என்பது அவன் ஆசை.

போன ஐப்பசியில் அவனுக்குக் குவைத் விசா வந்தது.

மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து சொன்னான். ரொம்ப நல்லது என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டேன். மூன்று வருடம், பிடித்திருந்தால் இன்னும் இருக்கலாம் என்றான். கீர்த்திகாவையும் பிறகு கூட்டிக்கொள்வானாம். கீர்த்திகா அவன் மனைவி. "ஆனா ஒண்ணுண்ணே. ஒரு கொடுவா புடிச்சி எங்கப்பன் மூஞ்சியில காட்டிட்டுதான் பிளைட் ஏறுவேன்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அவன் சொன்னால் செய்கிறவன்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழுதேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

லூரின் வயிற்றுக்குள் மூன்று பால்ரஸ் குண்டுகள் உருள்வதற்கு ஒரு வழி இருக்கும். சைக்கிள் சக்கரத்தில் போடுவோமே, அந்த மாதிரிக் குண்டுதான். வீசும்போது மூன்றும் வாலுக்கு ஓடிவிடும். வால் முன்னே போக, லூர் நேராகத் தூரம் பாயும். அவனுடைய கொடுவா லூரில் நான் செய்தது பெரிய வேலை இல்லை. ஹாக்சா பிளேடால் லூரின் உடம்பைத் திறந்து, இரண்டு குண்டுகளைத் தலைப்பக்கமே பசை வைத்து ஒட்டினேன். மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூச்சு பூசினேன். தராசில் வைத்தால் பழைய எடைதான். காதருகே ஆட்டினால் மூன்றாவது குண்டு சத்தம் போடும். வீசினால் மட்டும் காற்றில் குட்டிக்கரணம் அடித்துப் பத்து மீட்டர் முன்னாலேயே விழும். கொடுவா அதற்கு அப்பால் நிற்கும்.

மீன் கிடைக்காவிட்டால் அவன் போகமாட்டான். நான் நினைத்தது இவ்வளவுதான். இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை.

பலித்தது. மெடிக்கலில் ஏதோ பாக்கி என்று ஏஜென்டிடம் சாக்குச் சொல்லி, டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டான். ஒரு மீனுக்காகக் குவைத்தைத் தள்ளிப் போடுகிறவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு இன்னும் நான்கு செவ்வாய் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் வந்து, தோளைத் தேய்த்துக்கொண்டு உட்காருவான்.

"காத்துல சுத்துதுண்ணே. நான் உடுற விதம்தான் சரியில்ல."

"கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி விட்டுப் பாருப்பா" என்றேன்.

கடையில் வாங்கிய வேறு லூர்கள் அவனிடம் நான்கைந்து இருந்தன. கொடுவாவுக்கு என்று போனால் என்னுடையதைத் தவிர எதையும் மாட்டமாட்டான்.

மூன்றாவது வாரம், கடலுக்குள் இறங்கி நின்று வீசுவதாகச் சொன்னான். முட்டி வரைக்கும்தான் என்றான். அடுத்த வாரம் இடுப்பு வரைக்கும் என்றான். இரண்டடி உள்ளே போனால் மீனுக்கு இரண்டடி கிட்டே, அதுதானே கணக்கு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது குண்டையும் ஒட்டினேன். சத்தத்துக்கு ஒரு மிளகளவு ஈயம் போட்டேன்.

அந்தச் சமயத்தில் வேணு ஒரு தடவை கயிறு வாங்கக் கடைக்கு வந்தார். "ஆத்துத்தண்ணி கடல்ல எறங்கும்போது அடி மணல பறிச்சிடும் செட்டியாரே. இடுப்புக்கு மேல எவனும் நிக்கக் கூடாது. நீ சொன்னா கேப்பான், சொல்லி வையி" என்றார். சொல்கிறேன் என்றேன். கயிற்றை அளந்து கொடுத்தேன்.

கார்த்திகை மாதம், கடைசிச் செவ்வாய். டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு, இனித் தள்ள முடியாது. நானும் அவனோடு போனேன். அதுவரை நான் முகத்துவாரத்துக்குப் போனதில்லை. குண்டுகள் சரியாக உருளும் இன்னொரு லூர் என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். விடிந்து, வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. அவன் செல்போனையும் செருப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். முட்டி, இடுப்பு, வயிறு. வீசினான், விழுந்தது. இன்னும் கொஞ்சம் போனான். மார்பு. பையில் கை வைத்தேன். இதைக் கொடுத்தால் இன்றைக்கே மீன் கிடைத்துவிடும் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மீன் கவ்வியது. நெஞ்சளவுத் தண்ணீரில் திரும்பி என்னைப் பார்த்தான். "அண்ணே, எட்த்துகிச்சு. உங்க லூருண்ணே" என்று கத்தினான். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த அலையில் காலடி மணல் போய்விட்டது. நீந்தத் தெரிந்தவன்தான், கடற்கரையில் பிறந்தவன். ஆனால் ராடை விடவில்லை. ஒரு கையால் எவ்வளவு நீந்த முடியும்?

உங்கள் ஆட்கள் அன்றைக்கு எழுதியதில், "தேவநாதன் கூச்சல் போட்டதில் அருகில் இருந்த மீனவர்கள் ஓடி வந்தனர்" என்று இருக்கும். அது சரி. தவறி விழுந்து இறந்தான் என்று முடித்துவிட்டார்கள். மறுநாள் தெற்கே ஒதுங்கினான்.

ஆறு மாதம் ஆயிற்று. நான் வந்திருக்கவே மாட்டேன். போன வாரம் கீர்த்திகா கடைக்கு வந்தாள். லூர் டப்பாவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

"எல்லாம் நீங்க செஞ்சது. உங்க கிட்டயே இருக்கட்டுண்ணா. பாத்தா தாங்க முடியல."

டப்பா மூடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தெனம் வேலை முடிஞ்சி வந்து, வூட்டுப் பின்னால காலி மனையில கல்ல கட்டி வீசி வீசிப் பழகும்ணா. தோளெல்லாம் வீங்கிடும். நான்தான் ஒத்தடம் குடுப்பேன். வேற லூரு போட்டுப் பாரேன்னா திட்டும். அண்ணன் செஞ்சது தப்பாப் போவாதுடி, என் கைதான் சரியில்லன்னும்."

அவள் போன பிறகு கடையைச் சாத்திவிட்டேன். தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறான். அவன் கையில் ஒரு குறையும் இல்லை, ஐயா. அதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நான் கூச்சல் போட்டேன், ஆனால் உடனே போடவில்லை. ஐம்பது அடியில் நான்கு பேர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார்கள். அவனும் வந்திருப்பான், மீனும் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஏறிப் போயிருப்பான். அவன் தலை மூன்று முறை மேலே வந்தது. மூன்று முறையும் என்னைத்தான் பார்த்தான். செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். நான்காவது முறை வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கூப்பிட்டேன்.

குவைத்துக்குப் போயிருந்தால் வெயிலில் தனியாகக் கிடந்து வாடியிருப்பான். பேசக்கூட ஆள் இருந்திருக்காது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் போகாமல் தடுத்தேன். அதைத் தவிர அவனுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை.