மடித்த ஈயத் தகடு

காலை பத்து மணிக்கு ஏதாவது வயிற்றுக்குள் போகாவிட்டால் எனக்குக் கை ஓடாது. எங்கள் வலென்சியாப் பக்கம் எல்லோருமே அப்படித்தான். அகழாய்வுக் குழியில் எது தலைகாட்டினாலும், பத்து அடித்தால் போட்டது போட்டபடி எழுந்துவிடுவோம். அன்றும் எல்லோரும் மரத்தடிக்குப் போய்விட்டார்கள், இன்ஸ்பெக்டர். ரெமெய் மட்டும் போகவில்லை.

அவள் என் மாணவி. பழைய தானியக் குழி ஒன்றில் இறங்கியிருந்தாள், இரண்டு ஆள் ஆழம். அப்படிப்பட்ட குழியில் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். நின்றது நான்.

ரோமர் வருவதற்கு முன் நம் ஸ்பெயினில் புழங்கிய ஐபீரிய எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். வாய்விட்டு வாசித்துவிடலாம், என்ன சொல்கிறது என்றுதான் தெரியாது. அதில் ஒரு சொல்லுக்கு ‘மகன்’ என்று பொருள் என இருபத்தாறு வருடங்களுக்கு முன் நான் புத்தகம் எழுதினேன். கூட்டங்களில் ‘மகனைப் பெற்றவர் வந்துவிட்டார்’ என்று சிரிப்பார்கள். ரெமெயும் சிரித்திருக்கிறாள். அது தவறு என்று ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதினாள். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

“புரொபசர், இங்க பாருங்களேன்,” என்றாள் கீழிருந்து. “மடிச்ச ஈயத் தகடு. வெளிப்பக்கம் லத்தீன், ஓரம் விரிஞ்ச இடத்துல உள்பக்கம் நம்ம எழுத்து தெரியுது. ரெண்டுலயும் ஒரே பேருங்க, ஒரே வாசகம்தான் போல.”

“மேல அனுப்பு,” என்றேன்.

தட்டில் வைத்துக் கயிற்றில் கட்டினாள். “உங்க மகன் வண்டவாளம் இன்னைக்குத் தெரிஞ்சுரும். தோத்துட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது, ஆமா.”

தட்டை நான் எடுத்துக்கொண்ட சற்று நேரத்தில் குழியின் ஒரு பக்கம் சரிந்தது. முந்தின வாரம் நல்ல மழை. நான் தள்ளவில்லை. மண் அவளை மார்புவரை மூடியது. “கயிறப் போடுங்க,” என்றாள். குரல் மேலே எழும்பவில்லை. “மூச்சு முட்டுது, புரொபசர்.”

கயிறு என் கையில்தான் இருந்தது. அதைச் சுருட்டி, தட்டோடு காரில் வைத்துப் பூட்டினேன். கை கழுவினேன். மரத்தடியில் ஒனோஃப்ரே ரொட்டியை நீட்டினான். எங்களிடம் மண் அள்ளுகிறவன்.

“எங்க நம்ம மகாராணி?”

“மேல ஏறிட்டா. குறிப்பு எழுதிட்டு வர்றாளாம்.”

உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டி. முழுவதும் சாப்பிட்டேன். பயமோ வருத்தமோ எனக்கு வரவில்லை. அரை மணி கழித்து ஒனோஃப்ரேதான் போய்ப் பார்த்துவிட்டு அலறினான். தனியாக மறுபடி இறங்கியிருக்கிறாள், விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

தகட்டை உருக்கிவிடத்தான் எடுத்துப்போனேன். அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று இளஞ்சூட்டில் மெல்ல மெல்லப் பிரித்தேன். லத்தீனில் ‘மகன்’ வரும் மூன்று இடத்திலும், உள்பக்கத்தில் என் சொல் இருந்தது. நான் சொன்னது சரி. வெளியே காட்டினால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். பத்து மாதம் பொறுத்துப் பார்த்தேன், இதற்குமேல் முடியவில்லை.

தகடு இந்த உறையில் இருக்கிறது, பத்திரம். வாக்குமூலத்தில் அந்தச் சொல்லின் பொருளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ரெமெய் விஷயம் அதற்குக் கீழே வரட்டும்.