வயர் பிடுங்கும் றஞ்சிதம் அக்காவுக்கு

விழுந்தாலும் நின்றுவிடாத வித்தையை எங்களுக்கு விளங்கவைத்த வித்தகியே! உப்புக் காற்றோடும் ஒழுகும் கூரையோடும் ஓயாது மல்லுக்கட்டிய உறுதியே! கரைக்கும் கடலுக்கும் இடையே சேதி அறுந்துபோகாமல் காத்த காவலே! எங்கள் அன்புக்கும், உண்மையைச் சொல்வதானால் எத்தனையோ முறை எங்கள் கோபத்துக்கும் உரியவரான, மன்னார்க் கரையோரப் படகுத் தகவல் மையத்தின் கணினிப் பொறுப்பாளர் திருமதி றஞ்சிதம் யாகப்பர் அவர்களே!

பட்டங்கள் போதும். இதற்கே நீங்கள் கதிரையில் நெளியத் தொடங்கியிருப்பீர்கள். முகத்துக்கு முன்னால் இன்னும் புகழ்ந்தால், "சும்மா இருங்கோ பிள்ளையள்" என்று எழும்பி வந்து இந்த மடலையும் பிடுங்கிவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம், வேறு யாரோ ஒருவரின் கதைபோல, 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். பொறுமையோடு கேட்டருளுங்கள்.

அவர் மன்னார்த் தீவில் உள்ள எங்கள் உப்புக்குளத்துக் கந்தோருக்கு வேலைக்கு வந்தபோது இருந்தது ஒரே ஒரு கணினி. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் உள்ள சிறு பெட்டி, படகு நிற்கும் இடத்தை அந்தக் கணினிக்குச் சொல்லும். அது வீட்டாருக்குச் சொல்லும். காற்று மாறினால் படகுகளைக் கரைக்குக் கூப்பிடும். உப்பேறி அந்தக் கணினி படுத்துவிட்டால் முற்றம் நிறையப் பெண்கள் நிற்பார்கள், சொல்ல எங்களிடம் ஒரு சொல்லும் இருக்காது. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. "கணினி சாகத்தான் செய்யும். அது செத்தாலும் வேலை சாகக்கூடாது" என்று சொல்லி, கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சி, சண்டை பிடிக்க வேண்டிய இடத்தில் சண்டை பிடித்து, இன்னொரு கணினியை வாங்கிப் பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில் உள்ள முருங்கனில் வைத்தார். இரண்டும் "இருக்கிறாயா?" "இருக்கிறேன்" என்று ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். ஒன்றின் பதில் நின்றால் மற்றது வேலையைக் கையில் எடுக்கும்.

எடுக்குமா என்று எப்படி அறிவது? அங்கேதான் அவருடைய பேர்போன வழக்கம் பிறந்தது. பட்டப்பகலில், படகுகள் கடலில் நிற்கும்போது, ஒருவரிடமும் சொல்லாமல் போய், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வயரைப் பிடுங்கிவிடுவார். முதல் முறை எங்கள் தலைவர் சீவரத்தினம் ஐயா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு துள்ளியெழுந்தார்.

"ஓடுற மாட்டின்ர காலை ஏன் பிள்ளை முறிக்கிறீர்?"

"நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கேக்க முறிஞ்சாக் கட்டலாம் ஐயா. புயலுக்க முறிஞ்சா ஆர் கட்டுறது?"

ஐயா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி முழுவதும் சட்டையில் இருந்தது.

ஆனால் அவரே எதிர்பாராத ஒன்று நடந்தது. பாலத்தடியில் வீதி கிண்டிய இயந்திரம் ஒருநாள் இணைப்புக் கம்பியை அறுத்துவிட்டது. உப்புக்குளத்துக் கணினி நலமாகத்தான் ஓடியது. பதில் வராத முருங்கன் கணினியோ, தீவில் இருப்பது செத்துப்போனதென்று தானாக முடிவு கட்டிக்கொண்டு ஆட்சியைத் தொடங்கியது. தீவுக்கு ஒன்று, பெருநிலத்துக்கு ஒன்று. இரண்டு கணினி, இரண்டு உண்மை. கடலுக்குப் போயிருந்த தோமஸ் அண்ணன் மோட்டர் பழுதாகித் தீவுக் கரையில், பேசாலையில் கரையேறியதை உப்புக்குளம் அறிந்திருந்தது. அறியாத முருங்கன், படகு காணாமற்போனது என்று பெருநிலக் கரையில் இருந்த அவருடைய வீட்டுக்கு அறிவித்துவிட்டது.

எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கோயிலில் துக்க மணி அடித்தது. மெழுகுதிரி ஏற்றி, ஒப்பாரி தொடங்கி, பந்தலுக்குக் கம்பும் வந்துவிட்டது. பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கிய தோமஸ் அண்ணன், கையில் பாரை மீனோடு படலையில் நின்று, "ஆற்ர செத்தவீடு?" என்று கேட்டாராம். தன் செத்தவீட்டுக்குத் தானே கறி கொண்டுவந்த மனுசன் என்று இன்றுவரை அவரைப் பகிடி பண்ணுகிறோம்.

றஞ்சிதம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய்த் தோமஸ் அண்ணனின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். திரும்பி வந்து மூன்றாவது கணினியைத் தீவிலேயே, எருக்கலம்பிட்டியில், எங்களோடு வேலை செய்யும் நௌஷாட் வீட்டு முன்னறையில் வைத்தார். மூன்றில் எந்த இரண்டு ஒன்றையொன்று காண்கின்றனவோ, அவையே பேசலாம். தனித்துப்போனது 'தொடர்பு இல்லை' என்பதற்கு மேல் வாய் திறக்கக்கூடாது. 'காணாமற்போனது' என்ற சொல்லை மென்பொருளிலிருந்தே வழித்தெடுத்து வீசினார்.

"தெரியேல்ல எண்டா, எனக்குத் தெரியேல்ல எண்டுதான் அர்த்தம். செத்துப்போச்சு எண்டு அர்த்தமில்லை" என்றார். அதை எங்கள் கந்தோர்ச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த விதி போன புயலில் அவருடைய கழுத்துக்கே வந்தது. அன்று காலை முருங்கன் கணினியைத் திருத்தப் போயிருந்தார். கடல் ஏறிப் பாலத்தை மூடியது, இணைப்பு அறுந்தது, கைத்தொலைபேசியும் ஊமையானது. அவருடைய கணவர் யாகப்பர் அண்ணன் கடலில். தனித்துப்போன முருங்கன் கணினி எல்லாப் படகுகளுக்கும் நேரே 'தொடர்பு இல்லை' என்று காட்டிக்கொண்டு நின்றது. வாசலில் அழுதபடி சனம். முருங்கனுக்குப் பொறுப்பான இரத்தினம் கெஞ்சினார்.

"அக்கா, கடவுச்சொல் உங்களிட்டத்தானே இருக்கு. பூட்டைத் திறந்துவிடுங்கோ, இதாவது படகுகளைக் கூப்பிடட்டும். அண்ணையும் கடலிலதானே?"

"ஓம், கடலிலதான்."

"பிறகென்ன அக்கா?"

"தீவில பிள்ளையள் ரெண்டையும் ஓட்டிக்கொண்டிருப்பினம். இதுவும் எழும்பினா, அது தலைமன்னாருக்கு வா எண்டும், இது இஞ்சால வா எண்டும். நடுக்கடலில நிக்கிறவன் எதைக் கேக்கிறது? என்ர மனுசனுக்காக மற்றவையின்ர மனுசரை நான் குழப்பமாட்டன்."

சொல்லிவிட்டு, விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விடாமல் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு தாய் திட்டினாள். அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீவில் நாங்கள் இருந்தோம். உப்புக்குளத்தில் கூரைத்தகடு பறக்க, எங்கள் நிவேதிகா தரப்பாளை விரித்துக் கணினிமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். எருக்கலம்பிட்டியில் அயலவர் மோட்டார் சைக்கிள்களிலிருந்து பெற்றோல் எடுத்து ஜெனரேட்டருக்கு ஊற்றினார் நௌஷாட். இரண்டில் ஒன்று விழுந்தாலும் எல்லாமே வாய் மூடிவிடும். விழவிடவில்லை. அக்காவிடம் கேட்க வழியிருக்கவில்லை. கேட்க வேண்டியும் வரவில்லை. எங்களை ஏசவைத்து ஏசவைத்து அவர் பிடுங்கிய வயர்கள் எல்லாம் அன்று கைகொடுத்தன.

பின்னேரம் இணைப்பு வந்தது. முருங்கன் திரையில் வரிசையாகக் 'கரையில்', 'கரையில்' என்று எழுத்துகள் விழுந்தன. மற்ற எல்லாப் படகுகளும் வந்த பிறகே, கடைசியாக, யாகப்பர் அண்ணனின் படகு: தலைமன்னார், கரையில். அதுவரை கல்லாயிருந்தவர் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக் குழறி அழுதார். திட்டிய தாய்தான் வந்து அணைத்துக்கொண்டாளாம்.

அந்தக் கிழமையே ஓய்வு கேட்டார். ஏன் அக்கா என்றோம். "நான் இல்லாமல் ஓடினதைக் கண்ணால பாத்திட்டன். இனிப் போகலாம்" என்றார்.

அக்கா, இனி உங்களிடமே சொல்கிறோம். நீங்கள் போவது எங்களுக்கு நோகிறது. அதற்காக நாங்கள் படுத்துவிடப் போவதில்லை. இந்த மடலின் முதல் வரி வாசிக்கப்பட்டபோது நிவேதிகா எழும்பிப் பின்னறைக்குப் போனாளே, தேத்தண்ணி போடத்தான் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அவள் போனது உப்புக்குளத்துக் கணினியின் வயரைப் பிடுங்க. சீவரத்தினம் ஐயாவுக்கும் இப்போதுதான் தெரியும். அவர் கையிலிருந்த கோப்பையை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டோம். இதை எழுதும்போது எப்படி முடியும் என்று பார்த்து எழுதவில்லை, உங்களை நம்பி எழுதினோம்.

முன்வரிசையில் மடிப்புக் குலையாத சட்டையோடு இருக்கும் யாகப்பர் அண்ணனோடு நீங்கள் நோயறியாது, நெடுங்காலம் வாழ்ந்து, நிம்மதியாக நித்திரை கொள்ள மருதமடு அன்னையும் எங்கள் எல்லோருடைய தெய்வங்களும் துணைநிற்கட்டும்.

இப்போது தலையைத் திருப்பிச் சுவரில் உள்ள திரையைப் பாருங்கள். தோமஸ் அண்ணன் இன்று கடலில். அவருடைய படகு நகர்ந்துகொண்டிருக்கிறது.

என்றும் உங்கள் ஏச்சுக்கு ஏங்கி நிற்கும்,
உப்புக்குளம், எருக்கலம்பிட்டி, முருங்கன் நிலையங்களின் பணியாளர்கள்,
மன்னார்க் கரையோரப் படகுத் தகவல் மையம்.