ஈயம் நாற்பத்தொன்று

இஞ்சின் ஆயில் கறுத்துப்போனால் கெட்டுவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஐயா. அப்படி இல்லை. டீசல் இஞ்சினில் புது ஆயில் ஊற்றிய அன்றைக்கே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் ஜீப்புக்கும் இது பொருந்தும் என்பதால் சொன்னேன்.

அந்தக் கறுப்புக்குள் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. படகு நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஸ்டோருக்கும் கழிவறைக்கும் நடுவில் ஓர் அறை. பதினெட்டு வருடமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். ஆற்றைக் கடக்கும் ஏழு பயணிகள் படகுகளிலிருந்தும், நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை, ஒரு சின்னப் பாட்டிலில் ஆயில் வரும். இஞ்சினுக்குள் உரசுகிற எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஆயிலில் கலக்கும். கண்ணுக்குத் தெரியாது. சில துளிகளை எரித்து அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை செம்பு, எத்தனை ஈயம் என்று இயந்திரம் எண்ணாகக் கொடுத்துவிடும். இரும்பு ஏறினால் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். மண் ஏறினால் காற்று வடிகட்டியில் ஓட்டை. ஈயம் ஏறினால் பேரிங். முதலில் மேல்பூச்சான ஈயம் போகும், அது தீர்ந்ததும் அடியில் இருக்கும் செம்பு. செம்பும் தீர்ந்தால் இரும்போடு இரும்பு உரசும். அதற்குப் பிறகு என்னிடம் பாட்டில் வராது.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நான் 'பிரித்துப் பார்க்கவும்' என்று எழுதினால் பிரிப்பார்கள். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும். ஃபோர்மேன் அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும் சார்" என்பார். ஓடியிருக்குமா? யாருக்கும் தெரியாது. அதுதான் பிரித்தாயிற்றே. பதினெட்டு வருடத்தில் ஒரு படகுகூட நடு ஆற்றில் நின்றதில்லை. நிற்காத காரணத்தாலேயே, நான் எதற்காக அங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை.

மூன்றாம் நம்பர் படகின் இஞ்சின் டிரைவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். வாட்டசாட்டமான ஆள். அவர் வாசலில் பேசினால் கொல்லைப்புறம்வரை கேட்கும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். என் அறைக்கு அவர் வைத்த பெயர் 'ரத்தப் பரிசோதனை நிலையம்'. பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும்போதே, "மச்சான், பிள்ளைக்குச் சக்கரை இருக்கான்னு பாருங்க" என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆனதற்கு வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர். மாப்பிள்ளை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எங்க மச்சான் டாக்டர்கிட்ட ஒரு விசேஷம் இருக்கு. இதுவரைக்கும் இவர்கிட்ட வந்த ஒரு நோயாளிகூடச் செத்ததில்ல. ஏன்னு கேளுங்க. நோய் இல்லாதவனா பார்த்துத்தான் ஆபரேஷனுக்கு அனுப்புவாரு."

ஃபோர்மேன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் தங்கைக்குப் புரையேறிவிட்டது. எனக்கு வலது கைப்பக்கம் உட்கார்ந்திருந்த டிக்கெட் கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். மச்சான் மாப்பிள்ளைக்குள் கேலி சகஜம்தானே. இவ்வளவு விவரமாகச் சொல்வதால் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். என் ஞாபகசக்தி அப்படிப்பட்டது.

அடுத்த மாதம் மேனேஜர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். வருடக் கடைசியோடு ஆய்வறையை மூடிவிடப் போகிறார்களாம். குறித்த நாளில் ஆயிலை மாற்றிவிட்டால் போதும், பரிசோதனை எதற்கு என்று யோசனையாம்.

"பதினெட்டு வருஷத்துல ஒரு இஞ்சினாவது நீங்க சொன்ன மாதிரி போச்சுன்னு காட்ட முடியுமா சார்?" என்று கேட்டார்.

"போகவிட்டதே இல்லையே மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நியாயமான பேச்சுதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது வாரம், மாப்பிள்ளையின் படகிலிருந்து வந்த பாட்டிலில் ஈயம் பதினான்கு காட்டியது. அந்த இஞ்சினில் எப்போதும் ஐந்தோ ஆறோதான் இருக்கும். பாட்டிலைக் குலுக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தேன். பதினான்கு. ரிப்போர்ட் தாளில் ஆறு என்று எழுதினேன்.

அப்போது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அடுத்த பாட்டிலையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். உண்மையான எண்ணை என் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டேன். எட்டு நாள் கழித்து இருபத்திரண்டு. தாளில் ஆறு.

வேறு எந்தப் படகில் ஈயம் ஏறியிருந்தாலும் இதையே செய்திருப்பேன். இதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். அதே வாரத்தில் ஐந்தாம் நம்பர் படகிலும் ஏறியது. அதை அன்றைக்கே நிறுத்திப் பிரிக்கச் சொல்லி எழுதினேன். அது வேறு. ஒரே சமயத்தில் இரண்டு இஞ்சின்களைக் கவனிக்க எனக்கு அவகாசம் இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேய ஆரம்பித்ததிலிருந்து கடைசிவரை ஓடிய ஓர் இஞ்சினின் முழுக் கணக்கு எங்கள் நிறுவனத்தில் இல்லை. யாரும் ஓடவிட ஒப்பவும் மாட்டார்கள். ஒரே ஒரு தடவை அப்படி ஒரு கணக்கு கையில் கிடைத்துவிட்டால், மற்ற ஆறு இஞ்சின்களையும் காலாகாலத்துக்கும் காப்பாற்றலாம். போகிற இஞ்சின் கரையில் கட்டியிருக்கும்போது, காலையில் கிளப்புகிற நேரத்தில்தான் போகும் என்று நினைத்தேன். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். அப்படித்தான் போகும் என்று எனக்குத் தோன்றியது.

இருபத்திரண்டு வந்த வாரத்தில் மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். சர்க்கரை ஜோக் சொல்லவில்லை.

"மச்சான், சூடானதுக்கப்புறம் ஆயில் பிரஷர் கம்மியா காட்டுது."

"எவ்வளவு?"

"முன்னாடி நாலுல நிக்கும். இப்ப மூணு."

"மீட்டர் பழசாயிருக்கும் மாப்பிள்ளை. மாத்திப் பாருங்க."

"அதான் நானும் நினைச்சேன்" என்று போய்விட்டார்.

அடுத்த பாட்டிலை அவரே கொண்டுவந்தார். நான் அதை இயந்திரத்தில் ஏற்றி முடிக்கும்வரை போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். திரையின் முதுகு அவர் பக்கம், முகம் என் பக்கம். ஈயம் நாற்பத்தொன்று என்று வந்தது. செம்பும் ஏறத் தொடங்கியிருந்தது.

"புது மீட்டரும் போட்டாச்சு மச்சான். அது ரெண்டே முக்கால்தான் காட்டுது. காது வச்சுக் கேட்டேன், சத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா என்னமோ சரியில்லன்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஃபோர்மேன்கிட்டச் சொல்லிப் பிரிச்சுடலாம்."

அவர் கட்டைவிரல் நகத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈயம் ஆறுதான் மாப்பிள்ளை. பேரிங் போயிருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அது போதும் மச்சான். வெளியில ஆயிரம் கிண்டல் பண்ணுவேன். ஆனா உங்க பேப்பரைப் பார்க்காம ஒரு நாள் கயித்தை அவுத்ததில்ல."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். அவர் திரும்பி, வாசல்படி இறங்கி, ஸ்டோர் மூலையைத் தாண்டும்வரை நேரம் இருந்தது. ஆனால் ஒரு மனிதர் முதன்முதலாக நம் வேலையை மதித்து ஒரு வார்த்தை சொல்லும்போது, அந்த நிமிடத்தில் போய் 'நான் சொன்னது பொய்' என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்கே நோட்டில் கணக்குப் போட்டேன். இனி நூற்றிருபதிலிருந்து நூற்றறுபது மணி நேரம் ஓடும் என்று வந்தது.

இடையில் ஆயில் மாற்றும் நாள் வந்தது. பழைய வடிகட்டியை வழக்கம்போல என்னிடம் அனுப்பினார்கள். அதை வெட்டி மடிப்புகளைப் பிரித்தால் உள்ளே பெரிய துகள்கள் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று தெரியும். மடிப்பு முழுக்க மினுமினுப்பு. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதைத் துணியில் சுற்றி என் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். புது ஆயில் ஊற்றியும் அடுத்த பாட்டிலில் ஈயம் அறுபத்தேழு. தாளில் ஆறு.

அந்த வாரம் அக்கரைக்குப் போக நான், பேரிங் மாற்றி மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ஐந்தாம் நம்பர் படகில் ஏறினேன். நேரம் எனக்கு அதுதான் தோதாக இருந்தது. அதில் கூட்டம் கம்மி என்று தங்கையிடமும் சொல்லிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. மேற்கே மழை பெய்து ஆற்றில் இழுப்பு அதிகமாக இருந்த நாள். என் ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே நீளமாக, நிற்காமல். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்தேன். நாற்பத்தொன்று வந்த நாளிலிருந்து இஞ்சின் ஓடியது நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம். அதற்குப் பிறகுதான் எழுந்து ஓடினேன். இதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். படகில் முப்பத்தெட்டுப் பேர். இஞ்சின் இறுகிக்கொண்டதும் நங்கூரம் போட்டார்கள், அது பிடிக்கவில்லை. படகு குறுக்கே திரும்பிப் பாலத்தின் தூணில் மோதிக் கவிழ்ந்தது. இருபத்தாறு பேரை உயிரோடு தூக்கினார்கள். மேலே சுக்கான் பிடித்திருந்த படகோட்டி பிழைத்துவிட்டார். மாப்பிள்ளை கீழேயிருந்து, "இஞ்சின் கட்டிக்கிச்சு, எல்லாரையும் மேல ஏத்துங்க" என்று கத்தினாராம். அவர் ஏறி வரவில்லை. இஞ்சினைக் கையால் சுற்றுகிற இரும்புத் தடியோடு அவரை எடுத்தார்கள். இறுகிப்போன இஞ்சினைத் தடியால் சுற்ற முடியாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தங்கை என்னிடம் இதைப் பேசினாள் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது தப்பு. மூன்றாம் நாளே தங்கை என்னைக் கூப்பிட்டாள். பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுகள். முதல் வருடத்திலிருந்து தேதிவாரியாக, ஒன்றுகூட விடாமல் மாப்பிள்ளை கோத்து வைத்திருந்தார்.

"ஃபோர்மேன் என்ன சொல்றான் தெரியுமா அண்ணே? அவன் பிரிக்கலாம்னு சொன்னானாம். இவர்தான் 'எங்க மச்சான் பேப்பர் சுத்தமா இருக்கு, அவரை மீறி என்ன பிரிக்கறது'ன்னு தடுத்தாராம். செத்தவர் மேல பழியைப் போடறான். நீ வந்து சொல்லணும் அண்ணே. உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சொல்கிறேன் என்றேன். ஃபைலைப் புரட்டினேன். சில தாள்களின் ஓரத்தில் மாப்பிள்ளை பென்சிலால் டிக் போட்டிருந்தார். கடைசி நான்கு தாள்களிலும் போட்டிருந்தார்.

ஃபோர்மேன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அவரை உள்ளே வைத்து நாற்பது நாள் ஆகிறது. அவர் மனைவி இரண்டு தடவை ஆய்வறை வாசலில் வந்து நின்றார். நான் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். குற்றம் செய்யாதவர் சிறையில் இருப்பது சரியில்லை. நான் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் நாற்பது நாள் வராமல் இன்றைக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. முழுதும் படித்தேன். ஃபோர்மேனைப் பற்றி, மேனேஜரைப் பற்றி, நங்கூரத்தைப் பற்றி எழுதியிருப்பதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறாம் பக்கத்தில் மூன்றாவது பத்தி. 'எண்ணெய்ப் பரிசோதனையால் இந்தத் தேய்மானத்தைக் கண்டறிய முடியவில்லை. இம்முறை நம்பத்தக்கதல்ல' என்று எழுதியிருக்கிறார்கள்.

அது தவறு, ஐயா. முறையில் ஒரு குறையும் இல்லை. நான் கண்டுபிடித்தேன். நான்கு வாரம் முன்பே கண்டுபிடித்துவிட்டேன். எத்தனை மணி நேரம் ஓடும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு இதோ இருக்கிறது. பன்னிரண்டு பேர் விஷயத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்தப் பத்தியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.