தோல்: பிரச்சினை இல்லை

அங்க வேணாம் சிஸ்டர், அது சளி உறிஞ்சுற மெஷினோட இடம். இப்படி உக்காருங்க. டீ ஆறுது பாருங்க.

எங்க விட்டோம்? ஆங், தோல். அப்பாவைப் புரட்டிப் பாத்தீங்க, புண்ணு ஒண்ணும் இல்ல. உடனே உங்க மதிப்பீட்டு ஃபாரத்துல பிரச்சினை இல்லைன்னு எழுதிட்டீங்க. போன வருஷம் வந்த ஆளும் இதையேதான் எழுதுனாரு. புண்ணு ஏன் இல்லைன்னு கேக்க மாட்டீங்களா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நான் புரட்டிப் போடுறேன், அதான். ராத்திரியும்தான்.

மூச்சுக்கு என்ன போட்டீங்க? குறைவா? புரையேறி ஆஸ்பத்திரிக்கு ஓடலைல்ல, அதனாலயா? நான் பக்கத்துலயே இருந்து உறிஞ்சி எடுத்துட்டேன் சிஸ்டர். நீலம் பாரிக்கிற வரைக்கும் வேடிக்கை பாத்திருந்தா நல்ல மார்க் வந்திருக்கும். பள்ளிக்கூடத்துல ஒழுங்கா படிக்காம முட்டை வாங்குனேன். இங்க ஒழுங்கா செஞ்சா முட்டை.

என்ன டெஸ்மண்ட் அப்பா, சிரிப்பு வேற? பாத்தீங்களா, எல்லாம் புரியுது அவருக்கு. இந்த கிரிம்ஸ்பி ஊரு பூரா பஸ் ஓட்டி, ஏறுறவங்களை எல்லாம் கிண்டலடிச்ச வாய் அது. வாய்தான் போச்சு, புத்தி போகல. இந்த நரம்பு நோயில அது கடைசி வரைக்கும் போகாதாம்.

இல்ல, தெரிஞ்சுதான் பேசுறேன். நல்லா பாத்துக்கிறாங்கன்னு நோயைக் குறைச்சு மதிக்கக் கூடாதுன்னு உங்க விதியிலயே இருக்கு. போன தடவை வந்தவர்கிட்ட படிச்சே காட்டுனேன். அதெல்லாம் சிக்கல் கண்ணு, உனக்கு ஸ்கூல் இல்லையான்னாரு. இல்ல. ஏன் இல்லைன்னு நினைச்சாரோ! உங்க மார்க் கூடி அரசாங்கச் செலவுன்னு ஆயிட்டா ராப்பகலா ஆள் வரும். இல்லாட்டி நான்தான் ஆள். மகள் சிறப்பாகக் கவனித்துக்கொள்கிறாள்னு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. அம்மா ஸ்பெயின்ல இருந்து ஃபோன் பண்ணி, பாராட்டிட்டாங்களேன்னு சொல்லுது.

எனக்குப் பதினெட்டு, சிஸ்டர். கடைக்குப் போனாக்கூட ஓடித்தான் வரேன்.

சரி, கேளுங்க. நான் இல்லாட்டி எப்படி இருப்பாருன்னா கேக்குறீங்க? அதை நான் எப்படிச் சொல்றது, நான்தான் எப்பவும் இருக்கேனே. நீங்களே பாருங்க. நீங்க நர்ஸ்தானே? பேரு போட்டு மாட்டியிருக்கீங்க. இப்படி ஒரு ஆளைத் தனியா விட்டுட்டுப் போக உங்களால முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

வலது பக்கமா படுக்க வச்சிருக்கேன், கொஞ்ச நேரத்துல திருப்பணும். குழாய்ச் சாப்பாடு அலமாரில. தொண்டை களகளன்னா உடனே மெஷினைப் போடுங்க, யோசிக்காதீங்க.

அபர்டீன் துறைமுகத்துக்குப் போறேன். கப்பல்ல சமையல்கட்டு வேலை, கீழ டாக்ஸி நிக்குது. கத்தாதீங்க, அவர் பயந்துருவாரு. உங்க ஆபீசுக்கு ஃபோன் போட்டு ஆளை வரச் சொல்லுங்க. அதுக்குத்தானே இருக்கு ஆபீசு.

அப்பாவுக்குத் தெரியுமாவா? யோசனையே அவரோடதுதான். எழுத்து அட்டையை நான் காட்டக் காட்ட, ஒவ்வொரு எழுத்தா கண்ணாலயே சொல்லி முடிச்சாரு. நம்பலைன்னா கேளுங்க. ஆமான்னா கண்ணை மேல தூக்குவாரு.