ரிசல்ட்டுக்கு எடம் புடிச்ச கூடைங்க

...கட்டையில போறவனுங்க தம்பி! மூணு நாளா பரீட்ச ரிசல்ட் பக்கம் தெறக்கல. லைன் ஸ்லோன்னு ஒங்க டெலிபோன் கம்பெனிக்கு எட்டு தடவ கோல் எடுத்தேன். இன்னைக்குத்தான் ஒங்கள அனுப்ப மனசு வந்திருக்கு. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், செவுத்தோட சாஞ்சுக்கங்க. இந்தாங்க டீ.

பேப்பர்ல போட்டிருந்துச்சே, பாக்கலயா? அரசாங்கத்து வெப்சைட்டுகள எவனோ வெளிநாட்டுக்காரன் அடிச்சுச் சாய்க்கிறானாம். பரீட்ச பக்கம் இருக்கிற அதே மெசின்லதானாம், கோர்ட்டு வெப்சைட்டும் போயிருச்சாம். களவெடுக்கிறதில்லயாம்... ஒரே நேரத்துல ஆயிரம் பேரு மாதிரி கதவத் தட்டிக்கிட்டே இருக்கிறதாம். உள்ள இருக்கிறது யாருக்குத் தெறக்கிறதுன்னு தெரியாம மயங்கி விழுந்துருமாம். இதெல்லாம் ஒரு பொழப்பா?

எம் மக அனுஷியா ஏ.எல். கடைசிப் பரீட்ச எழுதியிருக்கு. நாளைக்குக் காலையில ரத்னபுரியில டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. ரிசல்ட் தாள் இல்லாதவங்க வரவே வேணாம்னு கடுதாசியிலயே எழுதியிருக்கான். பதினாறு வருசம் தேயிலக் கொழுந்து எடுத்த கை தம்பி இது. மக கையில சோக்குக் கட்டி இருக்கணும்னுதான் இந்த ஓப்பநாயக்க டவுன்ல கொமினிகேசன் கடை போட்டேன். புள்ள மூணு நாளா சோத்தத் தொடல.

ஆனா நான் சும்மா இருக்கிற ஆளா? கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஆளு நிக்கிற போலிம் நீளமா இருந்தா என்ன செய்வோம்? கூடைய வச்சு எடம் புடிப்போம். பக்கத்து லயத்து ஆளு கூடையயும் சேத்து வைப்போம். அதேதான். தோட்டத்துல எழுதுன பதினாலு புள்ளைகளுக்கும் மூணு கம்ப்யூட்டர்லயும் பக்கத்தத் தெறந்து வச்சேன். மறுபடி தெறக்கிற பட்டன அமத்தி அமத்தி வெரலு வீங்கிருச்சு. அப்புறம் கொழும்புல இருக்கிற அண்ணன் மகன் தனுஜன் மொத நாளே பஸ்ஸுல ஒரு சிடி அனுப்புனான். போட்டா அதுவே அமத்திக்கிட்டு இருக்கும்... நொடிக்கு நாப்பது தடவ!

நல்லத நாம மட்டும் வச்சுக்கலாமா? பெல்மதுளையில கபூர் நானா கடைக்கு ஒண்ணு. பலாங்கொடயில மூணு கடைக்கு. கேகாலையில என் தங்கச்சிக்கு ஒண்ணு குடுத்தேன், அவ ரம்புக்கனை, கரவனெல்ல வரைக்கும் பரப்பிட்டா. சிங்களப் புள்ளைகளும் பாவந்தானே. மொத்தம் முப்பத்தோரு கடை, நிப்பாட்டாம ஓடுது. இத்தன கூடை வச்சும் எடம் கெடைக்கலன்னா, அந்த வெளிநாட்டுக்காரன் எத்தன வச்சிருப்பான், நீங்களே சொல்லுங்க.

ஏன் தம்பி, டீய கீழ வச்சிட்டீங்க?

அது என்ன லிஸ்ட்டு? பெல்மதுளை, பலாங்கொட, ரம்புக்கனை... எல்லாத்துக்கும் மேல இருக்கிறது நம்ம கடை நம்பர்தானே? அப்ப நான் கோல் எடுத்ததுக்கு நீங்க வரலயா?

வெளிநாட்டுக்காரன் யாருமே இல்லயா?

அனே... கதவத் தட்டுனது நம்ம கூடைங்கதானா?

இருங்க, வயரப் புடுங்காதீங்க. நானே நிப்பாட்டுறேன். ஹலோ, கபூர் நானா? நாந்தான் மரியாயி. கூடைய எடுங்க... ஏன்னு கேக்காதீங்க, சிடிய எடுங்க. மத்த கடைக்கும், கேகாலையில என் தங்கச்சிக்கும் சொல்லுங்க, ஒடனே.

...

தம்பி... தம்பி, தெறந்துருச்சு. இந்தாங்க அவ பரீட்ச நம்பர், நீங்களே அடிங்க.

மூணு பாடமும் பாஸா? நல்லாப் பாத்தீங்களா? மாதாவே... இந்தா இருக்கிற கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியல, கண்ணு பூரா தண்ணி.

ரிசல்ட் தாள பிரின்ட் அடிச்சாச்சு. இப்ப சின்னப் புள்ளைகளுக்கு டியூசன் குடுத்துட்டு அவ இந்த வழியாத்தான் வருவா. தம்பி, ரிப்போட்டுல எம் பேர எழுதுங்க, கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வாறேன். மூணு நாளா அவ வயித்தக் காயப்போட்டது நாந்தான்னு... அத மட்டும் அவகிட்ட சொல்லிராதீங்க.